திரும்பும் துணிவு

நுழையும்முன்

வானில் பறத்தல் மனிதனின் நெடுநாள் கனவு. அக்கனவு நனவாகி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து செல்லும் பெரிய வானூர்திகள் இன்று மிகுந்த பாதுகாப்புடன் இயங்குகின்றன. ஆனால், ஒரே ஓர் இயந்திரத்தின் துணையோடு இருவரையோ நால்வரையோ ஏற்றிச்செல்லும் சிறிய வானூர்திகள் அவற்றைவிட மிகுதியாக விபத்துக்குள்ளாகின்றன. இதற்குக் காரணம் இயந்திரத்தின் பழுதா, இயற்கையின் சீற்றமா, மனிதர் எடுக்கும் முடிவா? விடை தேடும் இக்கட்டுரை, வாழ்நாளில் வானூர்தியை ஓட்டாதவருக்கும் பயன்படும் ஓர் உண்மையை எடுத்துரைக்கிறது.

வானில் ஓர் எளிய ஊர்தி

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் இயங்கிய செஸ்னா நிறுவனம் உருவாக்கிய 'செஸ்னா 172' என்னும் சிறிய வானூர்தி, 1955ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்தது. அதில் நால்வர் அமரலாம். அதன் மூக்குப் பகுதியில் ஒரே ஓர் இயந்திரம். அதற்கு முன்னே ஒரு சுழல்விசிறி. உடலின் மேற்புறத்தில் இறக்கைகள். அமைப்பு அவ்வளவுதான். இவ்வகை வானூர்திகள் இதுவரை 44,000க்கும் மேல் உருவாக்கப்பட்டுள்ளன. உலகில் இந்த எண்ணிக்கையை எட்டிய வானூர்தி வேறொன்றில்லை. பறக்கக் கற்போரில் பலர் தம் முதல் பாடத்தை இதில்தான் பயில்கின்றனர்.

பயிற்சி, நில அளவை, பயிர்களுக்கு மருந்து தெளித்தல், சாலையற்ற ஊர்களுக்கு அஞ்சலும் மருந்தும் கொண்டு செல்லுதல் எனச் சிறிய வானூர்திகளின் பணிகள் பல. பயணிகள் வானூர்தியில் முறையாகப் பயின்ற இருவர் அமர்ந்து ஒருவர் செயலை மற்றவர் கண்காணிப்பர். வானிலையை ஆராய்ந்து வழியமைத்துத் தரத் தரையில் ஒரு குழுவே இருக்கும். அவ்வூர்தி முகில்களுக்கு மேலே ஏறிப் பறக்கும். சிறிய வானூர்தியிலோ பெரும்பாலும் ஒருவரே விமானி. வானிலையைக் கேட்டறிபவரும், எரிபொருளை அளப்பவரும், 'புறப்படலாம்' என்று முடிவு செய்பவரும் அவரே. அவர் முடிவு தவறும்போது, 'வேண்டாம்' என்று சொல்ல அருகில் எவரும் இருப்பதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் பின்வரும் செய்திகள் முழுமையாக விளங்கும்.

இயந்திரம் நின்றால் என்னவாகும்?

'ஒரே இயந்திரம்தானே! அது நின்றுவிட்டால் வானூர்தி கல்லைப்போல் விழுந்துவிடுமே' என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. வானூர்தியைத் தாங்குவது இயந்திரம் அன்று, இறக்கை. இயந்திரம் நின்றபின்னும் உரிய வேகத்தைப் பேணினால், செஸ்னா 172 போன்ற ஊர்தி ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தொலைவு சறுக்கிச் செல்லும். அந்த இடைவெளிக்குள் ஒரு வயல்வெளியையோ நேரான சாலையையோ கண்டு தரையிறங்க இயலும். பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் இதனைப் பலமுறை ஒத்திகை பார்க்கின்றனர்.

இயந்திரத்தை வடிவமைத்தோரும் முன்னெச்சரிக்கையுடனேயே செயல்பட்டுள்ளனர். இதன் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உள்ளன. அவற்றிற்கு மின்பொறி தரும் மேக்னெட்டோக்களும் இரண்டு. ஒன்று பழுதானால் மற்றொன்று இயங்கும். மின்கலம் முற்றிலும் செயலிழந்தாலும் இயந்திரம் நிற்பதில்லை. இத்தகைய இயந்திரமும் நடுவானில் நின்றுபோவதுண்டு. உள்ளுறுப்புகள் உடைவதாலும் அது நேரலாம். ஆனால், நல்ல நிலையில் உள்ள இயந்திரம் எரிபொருள் கிடைக்காமல் நின்றுபோன நிகழ்வுகளும் பல.

எரிபொருளால் நேரும் விபத்துகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, எரிபொருள் முழுவதும் தீர்ந்துபோதல். எதிர்க்காற்று வலுத்துப் பயணம் நீளும்; விமானியோ பழைய கணக்கையே நம்பியிருப்பார். இருசக்கர ஊர்தியில் 'ரிசர்வ்' நிலைக்கு வந்தபின் அடுத்த நிலையம்வரை செல்லலாம். தீர்ந்தே போனாலும் சாலையோரம் நிறுத்தலாம். வானில் சாலையோரம் என்று ஒன்றில்லை. இரண்டாவது, எரிபொருள் இருந்தும் இயந்திரத்தை அடையாமை. சிலவகை வானூர்திகளில் இடது இறக்கைத் தொட்டி, வலது இறக்கைத் தொட்டி இரண்டையும் விமானியே மாற்றி மாற்றித் திறக்கவேண்டும். மாற்ற மறந்தால், ஒரு தொட்டி நிறைந்திருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடும். மூன்றாவது, எரிபொருளில் கலப்பு. இரவில் குளிரும்போது தொட்டியின் உட்புறம் நீர்த்துளிகள் படியும். மழைநீரும் மூடியின் வழியே கசியும். நீர் எரிபொருளைவிட அடர்த்தி மிக்கது; ஆதலால் அடியில் தங்கும். புறப்படுமுன் தொட்டியின் அடியிலிருந்து சிறிதளவு எரிபொருளை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். சில மணித்துளிகளே எடுக்கும் இச்செயலை 'நேற்றுத்தானே பார்த்தோம்' என்று விட்டுவிடுவதில் விபத்து தொடங்குகிறது.

கோடையிலும் உறையும் பனி

இயந்திரம் நின்றுபோவதற்கு வியப்பூட்டும் மற்றொரு காரணம் பனிக்கட்டி. பழைய வகை இயந்திரங்களில் காற்றையும் எரிபொருளையும் கலக்கும் பணியைக் கார்புரேட்டர் செய்கிறது. அதன் குறுகிய கழுத்துப் பகுதியில் காற்று விரைந்து செல்லும்போது அழுத்தம் குறைகிறது. எரிபொருள் ஆவியாகும்போது சுற்றுப்புற வெப்பத்தை உறிஞ்சுகிறது. கையில் பட்ட பெட்ரோல் ஆவியாகும்போது நாம் உணரும் குளிர்ச்சியும் இத்தகையதே. இவ்விரண்டும் சேர்வதால் கார்புரேட்டரின் உள்ளே வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே சென்றுவிடும். காற்றிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகப் படிந்து காற்றுவழியை அடைக்கும்.

வெளியே 20 பாகை செல்சியசுக்கும் மேலான இதமான வெப்பநிலை நிலவும்போதும், காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் இது நிகழக்கூடும். விமானிக்கு முதலில் தெரிவது இயந்திரத்தின் சுழற்சி மெல்லக் குறைவதுதான். அப்போது ஒரு கைப்பிடியை இழுத்துச் சூடான காற்றைக் கார்புரேட்டருக்குள் செலுத்தவேண்டும். உருகிய நீர் இயந்திரத்துக்குள் செல்வதால் சிறிதுநேரம் இயந்திரம் இன்னும் கரடுமுரடாக ஓடும். அதைக் கண்டு அஞ்சிக் கைப்பிடியைப் பழைய நிலைக்குத் தள்ளுவோர் விபத்தைத் தாமே அழைக்கின்றனர். அறிகுறியை உணரும் அறிவும், அது தெளியும்வரை காத்திருக்கும் உறுதியும் இங்கே ஒருங்கே தேவைப்படுகின்றன.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை 1929ஆம் ஆண்டு ஜே.ஆர்.டி. டாட்டா பெற்றார். 1932 அக்டோபர் 15 அன்று 'பஸ் மாத்' என்னும் ஒற்றை இயந்திர வானூர்தியில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அவர் அஞ்சல் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அந்த அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இந்தியாவின் வான்வழிப் போக்குவரத்து நிறுவனம் ஒன்று வளர்ந்ததற்கு இச்சிறிய வானூர்தியே வித்திட்டது.

காற்றும் கோணமும்

சிறிய வானூர்திகளின் விபத்துகளில் எண்ணிக்கையால் மிகுந்தவை தரையிறங்கும்போது நிகழ்பவை. பக்கக்காற்றில் ஓடுதளத்தைவிட்டு விலகுதல், சக்கரம் துள்ளிச் சுழல்விசிறி தரையில் மோதுதல் போன்றவை அவை. ஊர்தி சேதமுறும், உள்ளிருப்பவர் பெரும்பாலும் உயிர் தப்பிவிடுவர். உயிரிழப்பை மிகுதியாக விளைவிப்பது பறக்கும்போதே ஊர்தி கட்டுப்பாட்டை இழத்தலாகும்.

இறக்கைக்கும் அதை நோக்கி வரும் காற்றுக்கும் இடையேயுள்ள கோணம் தாக்குகோணம் எனப்படும். இக்கோணம் கூடக்கூடத் தூக்குவிசையும் கூடும். ஆனால், ஓர் எல்லைவரைதான். பெரும்பாலான சிறிய வானூர்திகளில் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டியதும், இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிரிந்து சிதறும். தூக்குவிசை சட்டெனக் குறையும். விமானிகள் 'ஸ்டால்' என்று குறிப்பிடும் இந்நிலையைத் தூக்குவிசை இழப்பு எனலாம். மூக்கைச் சற்றே தாழ்த்தினால் காற்று மீண்டும் இறக்கையைத் தழுவும். அதற்குச் சிறிது உயரம் தேவை. உயரம் இல்லாத இடத்தில் இது நேரும்போதுதான் உயிரிழப்பு ஏற்படுகிறது.

வானூர்தி திரும்பும்போது ஒருபுறம் சாய்கிறது. அப்போது இறக்கை எடையைத் தாங்குவதோடு ஊர்தியை வளைவில் திருப்பவும் வேண்டியிருக்கிறது. ஆகவே அதன் சுமை கூடுகிறது. தூக்குவிசை இழக்கும் வேகமும் உயர்கிறது. நேராகப் பறக்கையில் மணிக்கு 90 கிலோமீட்டருக்குக் கீழே தூக்குவிசை இழக்கும் ஊர்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் குறையாமல் திரும்பும்போது அவ்வெல்லை பின்வருமாறு உயரும்:

30 பாகைச் சாய்வில் – மணிக்கு 97 கி.மீ.
45 பாகைச் சாய்வில் – மணிக்கு 107 கி.மீ.
60 பாகைச் சாய்வில் – மணிக்கு 127 கி.மீ.

நேரே பறக்கும்போது போதுமானதாக இருந்த அதே 100 கிலோமீட்டர் வேகம், செங்குத்தாகச் சாய்ந்து திரும்பும்போது போதாமல் போகிறது. இறங்குவதற்காக ஓடுதளத்தை நோக்கித் திரும்பும் கடைசி வளைவில் இப்பிழை நேர்வதுண்டு. காற்றால் தள்ளப்பட்டு ஓடுதளத்தின் நேர்க்கோட்டைத் தாண்டிச் சென்ற விமானி, அதைப் பிடிப்பதற்காக மேலும் சாய்க்கிறார், மூக்கையும் உயர்த்துகிறார். தரையிலிருந்து இருநூறு மீட்டர் உயரம்கூட இராது. அங்கே தூக்குவிசை இழந்தால் மீள இடமில்லை. 'இம்முறை சரியாக அமையவில்லை. மேலே ஏறி மற்றொரு சுற்று வருவோம்' என்று எண்ணுவதே அங்குத் தேவையானது. அதற்குச் செலவாவது சில நிமிடங்களே.

புறப்பட்ட சில நொடிகளில் இயந்திரம் நிற்பது மற்றோர் இக்கட்டு. பின்னால் ஓடுதளம் இருக்கிறது. முன்னால் தெரியாத நிலம். மனம் இயல்பாகவே ஓடுதளத்தை நாடும். ஆனால், போதிய உயரமின்றித் திரும்ப முயல்வோர் வளைவின் நடுவிலேயே வேகத்தையும் உயரத்தையும் இழந்து வீழ்வர். எனவே, தாழ்வான உயரத்தில் இயந்திரம் நின்றால் நேர் எதிரே, அல்லது சற்றே இடமோ வலமோ தெரியும் வெளியில் இறங்கவேண்டும் என்று பயிற்றுநர்கள் வலியுறுத்துகின்றனர். எந்த உயரத்திற்குக் கீழே திரும்பக்கூடாது என்பதைத் தரையில் இருக்கும்போதே உறுதிசெய்துகொள்ளும் விமானி, இக்கட்டு நேர்கையில் தயங்குவதில்லை.

மெல்லிய காற்று, மிகுந்த சுமை

உயரமான ஊர்களிலும் வெப்பமான பொழுதுகளிலும் காற்றின் அடர்த்தி குறைந்திருக்கும். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும். சுழல்விசிறியின் இழுவையும் இயந்திரத்தின் ஆற்றலும் குறையும். ஓடுதளத்தில் ஓடவேண்டிய தொலைவு கூடும். மேலேறும் வேகம் தளரும். இதனுடன் அளவுக்கு மீறிய எடையும் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு ஒரு துயர நிகழ்வு சான்றாகும்.

1996ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று, அமெரிக்காவைக் குறுக்கே கடந்து பறக்கும் மிக இளம் வயதினர் என்னும் பெயரைப் பெறும் நோக்கில் ஜெசிகா டப்ராஃப் என்னும் ஏழு வயதுச் சிறுமி கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்டாள். உடன் அவள் தந்தையும், வானூர்திக்குப் பொறுப்பான பயிற்றுநரும் இருந்தனர். ஊர்தி செஸ்னா நிறுவனத்தின் ஒற்றை இயந்திர வானூர்தி. வழிநெடுக இதழாளர்கள் காத்திருந்தனர். முதல்நாள் இரவு வயோமிங் மாநிலத்தின் செயென் நகரில் தங்கினர். அந்நகரின் வானூர்தி நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு.

மறுநாள் காலை இடிமழை நெருங்கியது. வானூர்தியின் எடையோ அனுமதிக்கப்பட்ட அளவைக் கடந்திருந்தது. ஆயினும் அவர்கள் மழையிலேயே புறப்பட்டனர். ஓடுதளத்தை விட்டெழுந்த சிறிதுநேரத்தில் வானூர்தி தூக்குவிசை இழந்து வீழ்ந்தது. மூவரும் உயிரிழந்தனர். சீர்கெட்டுவரும் வானிலையில், மிகுந்த எடையுடன், விமானி பழகியிராத அடர்த்தி குறைந்த காற்றில் புறப்பட முடிவெடுத்தது தவறு என அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அறிவித்தது. ஊடகங்களுக்கு அளித்த வாக்குறுதிகளின் காரணமாகவும், அளவு மீறித் திட்டமிட்ட பயண நிரலைக் காப்பாற்றும் விருப்பம் அம்முடிவுக்குத் துணைபோனது என்றும் அது சுட்டிக்காட்டியது. உரிமம் பெறாதவர்கள் சாதனை முயற்சிகளுக்காக வானூர்தியை இயக்குவதைத் தடுக்கும் சட்டம் அதே ஆண்டில் அந்நாட்டில் இயற்றப்பட்டது.

அன்று காலை சில மணிநேரம் காத்திருந்தால் இழக்க இருந்தது பயண நிரல் மட்டுமே.

முகிலுக்குள் 178 நொடிகள்

சிறிய வானூர்திகளை ஓட்டுவோரில் பலர் கண்ணால் கண்டு பறக்க மட்டுமே பயிற்சி பெற்றவர்கள். தரையும் அடிவானமும் தெரியும்வரை அவர்கள் ஊர்தியை நேராகச் செலுத்துவர். முகிலுக்குள்ளோ மூடுபனிக்குள்ளோ நுழைந்துவிட்டால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. இத்தகைய விபத்துகள் எண்ணிக்கையில் குறைவு; ஆனால், நேர்ந்தவற்றில் பெரும்பாலானவை உயிரைப் பறித்தவை.

நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றிலுள்ள நீர்மம் அசைவதால் நாம் திரும்புவதை உணர்கிறோம். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சிறிதுநேரத்தில் நீர்மமும் குழலுடன் சேர்ந்து சுழலத் தொடங்கும். திரும்பும் உணர்வு மறைந்துவிடும். ஊர்தி சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்கையில் விமானியின் உடல் 'நேராகச் செல்கிறோம்' என்று சொல்லும். அவர் ஊர்தியை நிமிர்த்தினாலோ, எதிர்ப்புறம் திரும்புவதுபோன்ற பொய்யுணர்வு எழும். உடலை நம்பி மீண்டும் சாய்ப்பார். ஊர்தி சுழன்றபடி இறங்கும். உயரம் குறைவதைக் கண்டு மூக்கை உயர்த்த இழுப்பார். சாய்வைச் சரிசெய்யாமல் இழுப்பதால் சுழல் மேலும் இறுகும். கருவிப்பலகையில் உண்மை எழுதப்பட்டிருந்தும், அதைப் படித்து நம்பும் பயிற்சி அவருக்கு இராது.

1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இதுகுறித்து ஓர் ஆய்வு நடந்தது. கருவிகளை மட்டும் கொண்டு பறக்கும் பயிற்சியில்லாத 20 பேர், பயிற்றுநர் துணையுடன், வெளிக்காட்சி மறைக்கப்பட்ட நிலையில் ஒற்றை இயந்திர வானூர்தியைச் செலுத்தினர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். 19 பேர் சுழன்று இறங்கும் நிலைக்குச் சென்றனர். ஒருவர் மூக்கை அளவுமீறி உயர்த்தித் தூக்குவிசை இழந்தார். ஒருவர் தாக்குப்பிடித்தது 20 நொடிகள் மட்டுமே. மிக நீண்டநேரம் தாக்குப்பிடித்தவர் எட்டு நிமிடம். சராசரி 178 நொடிகள்; அதாவது, மூன்று நிமிடங்களுக்கும் குறைவு.

அவ்வாய்வின் நோக்கம் மனிதரின் குறையைக் காட்டுவது மட்டுமன்று. தெரியாமல் முகிலுக்குள் நுழைந்துவிட்டவர் உயிர்பிழைக்கக் கற்கவேண்டிய ஒரே செயல் எது என்று அது வினவியது. அவ்வினாவிற்குக் கண்ட விடை எளியது: கருவிகளைப் பார்த்தவாறு மெல்ல 180 பாகை திரும்புதல், வந்தவழியே மீளுதல். சற்றுமுன் தான் கடந்துவந்த இடத்தில் வானம் தெளிவாக இருந்தது என்பது விமானிக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றன்றோ! குறுகிய காலப் பயிற்சிக்குப்பின் அதே மனிதர்கள் ஏறத்தாழ எல்லா முயற்சிகளிலும் பாதுகாப்பாகத் திரும்பினர். இன்று தனியார் விமானி உரிமம் பெறும் அனைவரும் இத்திருப்பத்தைக் கற்கின்றனர்.

ஆயினும் கற்றது நினைவிற்கு வரும் முன்பே காலம் கடந்துவிடுவதுண்டு. 1999ஆம் ஆண்டு ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் இளைய ஜான் கென்னடி, தம் மனைவியுடனும் மனைவியின் தமக்கையுடனும் ஒற்றை இயந்திர வானூர்தி ஒன்றில் நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்டு தீவை நோக்கிப் பறந்தார். அவர் கண்ணால் கண்டு பறக்கும் உரிமம் மட்டுமே பெற்றிருந்தார். அன்று வானிலை அறிக்கையில் புயலோ மழையோ இல்லை. வெறும் மென்புகை மூட்டம்தான். ஆனால், கடலின்மேல் விளக்குகள் இல்லை. இருளும் மூட்டமும் சேர்ந்து அடிவானத்தை மறைத்தன. வானூர்தி சுழன்று கடலில் வீழ்ந்தது, மூவரும் மாண்டனர். வீழ்வதற்கு முன் இயந்திரம் பழுதானதற்குச் சான்று கிடைக்கவில்லை. இருளில் திசையுணர்வு குழம்பியதால் கட்டுப்பாடு இழக்கப்பட்டது என்பதே விசாரணையின் முடிவு.

போய்ச் சேர்ந்தே தீரவேண்டும்

இந்நிகழ்வுகளை ஒப்பிட்டு நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். எந்த விபத்தும் ஒற்றைக் காரணத்தால் நேர்வதில்லை. பல சிறு காரணங்கள் சங்கிலிக் கண்ணிகளைப்போல் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். நேரம் தவறிய புறப்பாடு, நிறைவுசெய்யப்படாத சோதனை, போதாத உறக்கம், மாறிவரும் வானிலை, காத்திருக்கும் உறவினர் என ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் அற்பமானதே. எந்த ஒரு கண்ணியை அறுத்திருந்தாலும் விபத்து நிகழ்ந்திராது.

அக்கண்ணிகளுள் வலிமை மிக்கது, 'எப்படியும் போய்ச் சேர்ந்தே தீரவேண்டும்' என்னும் வேட்கை. திருமணம், தேர்வு, வணிகம், கொடுத்த வாக்கு என அதற்குப் பல முகங்கள் உண்டு. இலக்கு நெருங்க நெருங்க இவ்வேட்கை வளரும். 'இன்னும் பத்தே நிமிடம். முகில் விலகிவிடும்' என்று மனம் தனக்குத்தானே ஆறுதல் சொல்லும். கண்முன் தெரியும் சான்றைவிட நெஞ்சின் விருப்பத்தையே மனிதன் நம்பத் தொடங்குகிறான். புதியவர் மட்டுமன்று, பல நூறு மணிநேரம் பறந்தவரும் இதற்கு விலக்கல்லர். 'இதற்கு முன்பும் இப்படிச் சென்று பிழைத்திருக்கிறேனே' என்னும் நினைவு, அவரைப் புதியவரைவிட ஆழமான இடருக்குள் அழைத்துச்செல்லும்.

இதனாலேயே தேர்ந்த விமானிகள் தம் எல்லைகளை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்கின்றனர். முகில் எவ்வளவு தாழ்ந்திருந்தால் புறப்படுவதில்லை, காற்று எவ்வளவு வலுத்தால் இறங்குவதில்லை, எரிபொருள் எந்த அளவிற்கு வந்தால் அருகிலுள்ள நிலையத்தில் இறங்குவது என்பன தரையில் அமைதியாக இருக்கும்போதே வரையறுக்கப்படுகின்றன. புறப்படுமுன் தம்மையும் சோதித்துக்கொள்கின்றனர்: உடல்நலக் குறைவு உண்டா? மருந்து உட்கொண்டோமா? மனக்கவலை உண்டா? மது அருந்தினோமா? களைப்பு உண்டா? உண்டோமா? வானூர்தியைச் சோதிப்பது போலவே அதனைச் செலுத்துபவரையும் சோதிக்கவேண்டும் என்பது இதன் பொருள்.

தெரிந்து தெளிவோம்

பன்னாட்டுக் குடிசார் வானூர்தி அமைப்பிற்கு வித்திட்ட உடன்படிக்கை 1944ஆம் ஆண்டு சிகாகோவில் கையெழுத்தானது. அதன் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே. பழி சுமத்துவதன்று எனக் கூறுகிறது. இந்தியாவில் இப்பணிக்காக வானூர்தி விபத்து விசாரணைப் பிரிவு 2012ஆம் ஆண்டு தனியாக அமைக்கப்பட்டது.

பழியன்று, பாடம்

விபத்து நடந்த இடத்தில் விசாரணையாளர்கள் சிதறிய உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேகரிக்கின்றனர். சுழல்விசிறியின் அலகுகள் வளைந்திருக்கும் முறை, மோதும்போது இயந்திரம் ஆற்றலுடன் சுழன்றதா என்பதைச் சொல்லும். தொட்டியில் எஞ்சிய எரிபொருள், திறப்பானின் நிலை, வானிலைக் குறிப்பு, விமானியின் பயிற்சிப் பதிவேடு ஆகியவையும் ஆராயப்படுகின்றன. அறிக்கை பொதுமக்களுக்கு வெளியிடப்படுகிறது. முன்பின் அறியாத ஒருவரின் தவற்றைப் படித்து, அதே தவற்றிலிருந்து மற்றொருவர் தம்மைக் காத்துக்கொள்கிறார். இறந்தவரைக் குறைகூறி அமைதியடையும் சமூகம் எதையும் கற்பதில்லை. 'அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?' என்று கேட்கும் சமூகமே கற்கிறது.

அவ்வினாவை நாமும் கேட்டுக்கொள்ளலாம். வெள்ளம் மூடிய தரைப்பாலத்தைக் கடப்பதா, காத்திருப்பதா? களைப்புற்ற ஓட்டுநர் வண்டியை நிறுத்துவதா, ஊர் நெருங்கிவிட்டதென்று தொடர்வதா? நண்பர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக ஆழம் தெரியாத நீரில் குதிப்பதா? இவை யாவும் முகிலின் முன் நிற்கும் விமானியின் வினாக்களே. முன்னேறிச் செல்வதை மட்டுமே துணிவு என்று போற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. பலர் பார்த்திருக்க, தொடங்கிய செயலை நிறுத்தி, 'இன்று வேண்டாம்' என்று சொல்வதற்கும் துணிவு வேண்டும். அதனை உரிய நேரத்தில் சொல்லவேண்டும். உயரமும் எரிபொருளும் ஒளியும் எஞ்சியிருக்கும்போதே சொல்லவேண்டும். திரும்பி வந்தவர் மறுநாள் மீண்டும் புறப்படலாம்.

சொற்பொருள்

தூக்குவிசை – இறக்கையின்மீது காற்று செயல்பட்டு ஊர்தியை மேலே தாங்கும் விசை
தாக்குகோணம் – எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே அமையும் கோணம்
அடிவானம் – நிலமும் வானும் கூடுவதுபோல் தோன்றும் கோடு
பயண நிரல் – முன்கூட்டியே வகுக்கப்பட்ட பயண ஒழுங்கு

கற்பவை கற்றபின்

1. 30, 45, 60 பாகைச் சாய்வுகளில் தூக்குவிசை இழக்கும் வேகம் உயர்வதை வரைபடமாக வரைந்து, உங்கள் இயற்பியல் ஆசிரியருடன் கலந்துரையாடுக.
2. நாளிதழில் வெளிவந்த சாலை விபத்துச் செய்தி ஒன்றைத் தெரிவுசெய்து, அவ்விபத்திற்கு இட்டுச்சென்ற காரணச் சங்கிலியை வரிசைப்படுத்துக. எந்தக் கண்ணியை அறுத்திருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என எழுதுக.
3. 'தொடங்கியதைக் கைவிடுதல் கோழைத்தனமா, அறிவுடைமையா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. இலினாய் பல்கலைக்கழக ஆய்வில் பங்கேற்றோர் கட்டுப்பாட்டை இழக்க ஆன சராசரி நேரம்
அ) 20 நொடிகள் ஆ) 172 நொடிகள் இ) 178 நொடிகள் ஈ) எட்டு நிமிடம்

2. சரியான கூற்றைத் தெரிவுசெய்க.
அ) இயந்திரம் நின்றதும் வானூர்தி கல்லைப்போல் வீழும்.
ஆ) நீர் எரிபொருளின் மேற்பகுதியில் மிதக்கும்.
இ) ஊர்தி சாயும்போது தூக்குவிசை இழக்கும் வேகம் உயரும்.
ஈ) உயரமான ஊர்களில் காற்றின் அடர்த்தி மிகும்.

குறுவினா

1. புறப்படுமுன் தொட்டியின் அடியிலிருந்து எரிபொருளை வடித்துப் பார்ப்பது ஏன்?
2. விபத்து விசாரணையின் நோக்கம் யாது?

சிறுவினா

1. இதமான வெப்பநிலையிலும் கார்புரேட்டரில் பனி உறைவது எவ்வாறு? விளக்குக.
2. முகிலுக்குள் விமானியின் திசையுணர்வு குழம்புவதற்கு உட்செவி எவ்வாறு காரணமாகிறது?

நெடுவினா

1. 'விபத்து ஒற்றைக் காரணத்தால் நேர்வதில்லை. அது ஒரு சங்கிலி' – பாடப்பகுதியில் இடம்பெற்ற நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுக.